கொறங்காட்டுக் கூட்டாளிகள்

நான் பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்வேல மரத்தடியில் ஒரு காங்கயம் பசு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. சாம்பல் பூத்த வெள்ளை உடம்பு. எங்கள் பக்கத்துப் பேச்சில் மயிலை. அதன் முதுகில் தாடையைச் சாய்த்து, கண்ணை அரைவாசி மூடி, நின்ற நிலையிலேயே தூங்கிக்கொண்டிருந்தது ஒரு கழுதை. பசு மூச்சு விடும்போதெல்லாம் கழுதையின் தலை மெல்ல ஏறி இறங்கியது. தூக்கத்திலேயே கழுதை காதை ஆட்டியது. பசுவின் முதுகில் உட்கார்ந்திருந்த ஈக்கள் பறந்தன. பசு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படலைப் பிடித்தபடி கால் மணி நேரம் அப்படியே நின்றேன். அன்றைக்குப் பிடித்த பித்து இன்னும் என்னை விடவில்லை. பசுவும் கழுதையும் ஒரே காட்டில் மேய்வதைப்போல மனதை நிறைக்கும் காட்சி வேறில்லை என்று கேட்பவர் கேட்காதவர் எல்லாரிடமும் சொல்லித் திரிகிறேன்.

ஒட்டன்சத்திரம் என்றால் எல்லாருக்கும் காய்கறிச் சந்தைதான் நினைவுக்கு வரும். விடிய விடிய முருங்கையும் தக்காளியும் கத்தரியும் ஏறி இறங்கும் ஊர். கேரளத்துச் சமையலறைகளுக்குக் காய் அனுப்பும் ஊர். அந்தச் சந்தைச் சத்தத்தை விட்டுத் தாராபுரம் சாலையில் வடக்கே போனால் மண்ணின் நிறமே மாறிவிடும். செம்மண்ணும் வெங்கச்சங்கல்லும் கலந்த மேட்டுநிலம். கள்ளிமந்தையம் என்ற ஊர்ப் பெயரிலேயே மந்தை இருக்கிறது. கிழக்கே நங்காஞ்சியாற்றங்கரையில் இருக்கும் இடையகோட்டையின் பெயரில் இடையர் இருக்கிறார். உழவுக்கு முன்னால் மேய்ச்சலால் வாழ்ந்த மண் என்பதை இந்தப் பெயர்களே சொல்லும்.

இங்கேதான் கொறங்காடு இருக்கிறது. அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கொறங்காடு என்பது தரிசு நிலம் இல்லை. ஆள் பார்த்து வளர்த்த மேய்ச்சல் காடு. சுற்றிலும் கிளுவையை நட்டு உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப்புல்லும் பலவகைச் செடிகொடிகளும். இடையிடையே வெள்வேல மரங்கள். மரம் நிழல் தரும். கோடையில் உதிரும் காய் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனி. பாசனம் கிடையாது. மழை பெய்தால் புல், பெய்யாவிட்டால் காய்ந்த தாள். காங்கயம், தாராபுரம், மூலனூர், கரூர்ப் பக்கமெல்லாம் பரவிக் கிடக்கும் இந்தக் காடுகள்தான் காங்கயம் மாட்டை உருவாக்கின. எங்கள் மாமாவுக்கு இப்படி ஏழு ஏக்கர் உண்டு. அதில் ஐந்து பசுக்கள், இரண்டு கன்றுகள்.

அங்கே கழுதை வந்த கதை எளிமையானது. விருத்தாசலம் பக்கத்திலிருந்து கழுதைப்பால் விற்க ஒரு கணவனும் மனைவியும் வருடாவருடம் வருவார்கள். தெருத்தெருவாகக் கழுதையை ஓட்டிக்கொண்டு போய், கேட்கிற வீட்டு வாசலிலேயே கறந்து சங்கில் ஊற்றிக் கொடுப்பார்கள். கைக்குழந்தைக்குக் காய்ச்சாத பால் வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் பாட்டிமார்கள் கூப்பிடுவது நிற்கவில்லை. அந்த மார்கழியில் அவர்கள் தங்குவதற்கு இடம் கேட்டபோது மாமா காட்டோரம் இருந்த பழைய சாளையைக் காட்டினார். கூலி, வாடகை எதுவும் பேசவில்லை. கழுதைகள் காட்டில் மேயலாம், அவர்கள் பகலில் மாட்டையும் ஒரு கண் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மூன்று கழுதைகள். ராணி என்று ஒரு மூத்த பெட்டை, கறுப்பி என்று இன்னொன்று, கறுப்பியின் மகனாக இரண்டு வயதுக் கடுவன் ஒன்று.

முதல் நாள் ராணி கத்தியதும் ஐந்து பசுக்களும் வாலைத் தூக்கிக்கொண்டு கிளுவை வேலியோரம் ஓடிப் போய் ஒண்டிக்கொண்டனவாம். ஓடாமல் என்ன செய்யும்? கழுதையின் குரல் மூச்சை உள்ளே இழுக்கும்போதும் ஒலிக்கும், வெளியே விடும்போதும் ஒலிக்கும். இழுப்பில் ஒரு கீச்சு, விடுப்பில் ஒரு முழக்கம். அந்த இரட்டைச் சத்தம் மேட்டுநிலத்தில் இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரம் போகும். வறண்ட ஆப்பிரிக்க நிலத்தில், ஒன்றையொன்று பார்க்க முடியாத தொலைவில் சிதறி மேய்ந்த காட்டுக்கழுதையின் வாரிசு அல்லவா! சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் கிழக்கு ஆப்பிரிக்காவில் மனிதன் அதைப் பழக்கினான் என்று மரபணு ஆய்வு சொல்கிறது. தூரத்து உறவைக் கூப்பிட அமைந்த குரல் அது.

நான் தைப்பொங்கலுக்குப் போனபோது எல்லாம் மாறியிருந்தது. ராணி கத்தினால் பசுக்கள் அசைபோடுவதைக்கூட நிறுத்தவில்லை. ஆனால் ராணி கத்தாமல், காதை மட்டும் முன்னால் நீட்டி ஒரு திசையை உற்றுப் பார்த்தால் போதும்; ஐந்து பசுக்களும் மேய்ச்சலை நிறுத்திவிட்டு அதே திசையைப் பார்த்தன. என்ன ஒரு கணக்கு! சத்தம் வெறும் பேச்சு, காதுதான் சேதி என்பதை ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டுவிட்டன. மாமா சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒரம்பரைக்கு வந்ததுக கண்ணு. இப்ப ஊட்டு மனுசங்களாட்டம் ஆயிருச்சுக."

அடுத்து அவை மேயும் அழகு. இதைப் பார்க்க வயிறு தரையில் படக் குப்புறப் படுக்க வேண்டும்; படுத்தேன். பசுவுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கெட்டியான ஈறுதான். அதனால் நாக்கை நீட்டி, புல்லைச் சுற்றி வளைத்து, கீழ்ப்பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே வைத்துச் சுண்டி இழுக்கும். 'சரக், சரக்' என்று கிழிபடும் சத்தம். கழுதைக்கு மேலே ஆறு, கீழே ஆறு முன்பற்கள். உதட்டால் தடவித் தேர்ந்தெடுத்து, கத்தரிக்கோல் போல நறுக்கும். 'நறுக், நறுக்' என்று கேட்கும். கண்ணை மூடிக்கொண்டாலும் எது பசு, எது கழுதை என்று சொல்லிவிடலாம்.

வாய் வேறு என்றால் வயிறும் வேறு. பசு அள்ளிப் போட்டுக்கொண்டு போய் நிழலில் படுத்து, இரைப்பையிலிருந்து மீட்டு மீட்டு அரைக்கும். அதற்கு இலையும் சாறும் உள்ள புல் வேண்டும். கழுதை அசைபோடாது, அதன் பெருங்குடல் பக்கம்தான் நார் நொதிக்கிறது. சத்துக் குறைந்த தாளாக இருந்தாலும் நிறையத் தின்று, வேகமாகக் கடத்தி, உயிர்வாழ்ந்துவிடும். அதனால் முற்றிக் காய்ந்து நிற்கும் கொழுக்கட்டைப்புல்லின் மேல்தண்டைக் கழுதை நறுக்கித் தள்ளிக்கொண்டே முன்னால் போகிறது. அடியில் மறைந்திருந்த பச்சை வெளியே தெரிகிறது. பின்னாலேயே வரும் பசு அந்தப் பச்சையைச் சுருட்டி எடுக்கிறது. மாமாவின் காட்டில் இதை என் கண்ணால் பார்த்தேன். ராணி நறுக்கிப் போன தடத்தில், சரியாக நான்கடி பின்னால், மயிலை வந்துகொண்டிருந்தது. யாரும் ஓட்டவில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இது என் கண்ணின் மயக்கமோ என்று நினைப்பவர்களுக்குக் கென்யாவைக் காட்டுகிறேன். அங்குள்ள ம்பாலா ஆராய்ச்சி மையத்தில் வில்பிரட் ஓடாடி, டேனியல் ரூபன்ஸ்டைன் முதலிய ஆய்வாளர்கள் வரிக்குதிரையும் மாடும் சேர்ந்து மேய்ந்தால் என்ன ஆகும் என்று அறிய விரும்பினார்கள். வரிக்குதிரையை ஓட்டிப் பிடித்து ஆய்வு செய்வது எளிதில்லை. அதற்குப் பதிலாக அதன் நெருங்கிய சொந்தமான கழுதையை மாட்டோடு மேயவிட்டார்கள். 2011-இல் வெளிவந்த முடிவு என்ன தெரியுமா? மாட்டோடு மட்டும் மேய்ந்த மாடுகளைவிட, கழுதையோடு சேர்ந்து மேய்ந்த மாடுகள் 60 சதவீதம் கூடுதலாக எடை போட்டன! கழுதை புல்லைப் பங்கு போட்டுக்கொள்ளும், மாட்டுக்குக் குறையும் என்றுதானே எல்லாரும் நினைத்தோம்? முரட்டுத் தண்டைக் கழுதை எடுத்துவிட, மாட்டுக்கு நல்ல பாகம் கிடைத்தது. ராணியின் நான்கடித் தடத்தில் மயிலை நடந்த காரணம் எனக்கு இதைப் படித்த அன்றைக்குத்தான் விளங்கியது. அன்று இரவு தூக்கமே வரவில்லை.

சாணத்தின் கதையும் இப்படித்தான். தான் சாணி போட்ட இடத்தைச் சுற்றி வளரும் புல்லை மாடு தொடாது. செழித்து நின்றாலும் விலகிப் போகும். தன் இனத்துச் சாணத்திலிருந்து வரும் குடற்புழுவுக்கு அஞ்சி இயற்கை வைத்த தடை அது. ஆனால் மாட்டுச் சாணத்தோரப் புல்லைக் கழுதை கூச்சமில்லாமல் தின்கிறது. கழுதை விட்டை கிடக்கும் இடத்தோரம் மாடு தின்கிறது. மாட்டின் குடற்புழுக்களில் பெரும்பாலானவை கழுதை வயிற்றில் பிழைக்காது. கழுதையின் புழுக்களில் பெரும்பாலானவை மாட்டின் வயிற்றில் பிழைக்காது. இரண்டுக்கும் பொதுவான புழு ஒன்றிரண்டு உண்டு என்பதால் குடற்புழு நீக்க மருந்தை நிறுத்திவிடக் கூடாது. ஆனாலும் எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு பாருங்கள்! ஒன்றின் சாணத்தோரம் மற்றொன்றுக்குச் சாப்பாட்டு இலை.

தண்ணீர்த் தொட்டியில் இன்னொரு விந்தை. கழுதை தண்ணீர் விஷயத்தில் மிகச் சுத்தம் பார்க்கும். மணம் கொஞ்சம் மாறினாலும் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். பசுக்கள் தொட்டியில் வாயை முக்கிக் குடித்தால் எச்சிலும் தவிட்டுத் துணுக்கும் மிதக்கும். முதல் வாரம் ராணி தாகத்தோடு திரும்பிப் போயிருக்கிறது. பிறகு அதுவே ஒரு வழி கண்டுபிடித்தது. மாலை நான்கு மணிக்கு மாமா மோட்டாரைப் போடும் சத்தம் கேட்டதும், மேய்ச்சலை விட்டு நேராகத் தொட்டிக்கு நடக்கும். பின்னாலேயே கறுப்பியும் குட்டியும். முதல் தண்ணீர் கழுதைகளுக்கு. அவை தலை நிமிர்ந்த பிறகுதான் பசுக்கள் கிட்டே வரும். கொம்புள்ள ஐந்து பசுக்கள், கொம்பில்லாத மூன்று கழுதைகளுக்காக வரிசையில் நின்றதை நான்கு நாள் தொடர்ந்து பார்த்தேன்.

இப்போது எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். பசுக்கள் ஒன்றுக்கொன்று அன்பு காட்டுவது நாக்கால். கழுத்தையும் காதோரத்தையும் நக்கும். கழுதைகள் அன்பு காட்டுவது பல்லால். எதிரெதிரே நின்று, ஒன்றின் தோள்மேட்டை மற்றொன்று முன்பல்லால் மெல்லக் கடித்துச் சொறியும். இரண்டும் வேறு வேறு பாஷை. ஒருநாள் மதியம் மயிலை, ராணியின் கழுத்தை நக்கத் தொடங்கியது. அரம் போன்ற நாக்கு. கழுதையின் மயிர் எதிர்த்திசையில் சிலிர்த்து எழுந்தது. ராணி ஒரு கணம் காதைப் பின்னுக்கு மடக்கியது. உதைக்கப் போகிறது என்று நினைத்தேன். இல்லை. கழுத்தை வளைத்து, மயிலையின் திமிலுக்குப் பின்புறம் முன்பல்லை வைத்து, தன் பாஷையில் சொறிந்துவிடத் தொடங்கியது. மயிலை தலையைத் தாழ்த்தியது, கண்ணை மூடியது, நக்குவதை மட்டும் நிறுத்தவில்லை. ஒன்று நாக்கால் பேச, மற்றது பல்லால் பதில் சொல்லியது. மொழிபெயர்க்க யாரும் தேவைப்படவில்லை. என் கண் நிறைந்துவிட்டது, சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

கன்றுகளின் ஆட்டம் தனி. காங்கயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஆறு மாதம் போல ஆனதும் சாம்பலாக மாறும். அந்தச் செவலைப் பருவத்திலிருந்த கிடாரிக்கன்று ஒன்றுக்கு ராணியின் காதுமேல் அப்படி ஒரு ஆசை. மேய்ந்துகொண்டிருக்கும் ராணியிடம் ஓடிவந்து காது நுனியை வாயில் வைத்துச் சப்பும். ராணி அசையாது. சலித்துப்போனால் தலையை உயர்த்தும், கன்றுக்கு எட்டாது. கன்று சுற்றிச் சுற்றி வந்து முட்டும். சற்று நேரம் பொறுத்து ராணி தலையைத் தாழ்த்திக் காதை மறுபடியும் கொடுக்கும். கழுதைப்பால் விற்க வந்த பாலக்கா (நான் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன்) இதைப் பார்த்து, "போன வருசம் இதோட குட்டி செத்துப்போச்சு கண்ணு. அதான் இந்தச் செவலைய விடமாட்டேங்குது" என்றார். அதன் மனதில் இருப்பது என்ன என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கழுதை ஒரு துணையோடு ஆழமாக ஒட்டிக்கொள்ளும் பிராணி என்பது கழுதை மருத்துவம் பார்ப்பவர்கள் நன்றாக அறிந்தது. துணையைப் பிரித்தால் தீனியை நிறுத்திவிடும். பட்டினியில் ரத்தத்தில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும். உணர்ச்சியில்லாத சுமைப் பிராணி என்று நாம் நினைத்து வந்ததன் உள்ளே இப்படி ஒரு மனசு.

புழுதிக் குளியலையும் சொல்ல வேண்டும். காட்டின் நடுவே கழுதைகள் தேய்த்துத் தேய்த்து ஒரு புழுதிக்குழி உண்டாக்கியிருந்தன. வெயில் இறங்கும் நேரம் முறைவைத்துப் படுத்து, நாலு காலும் வானத்தைப் பார்க்கப் புரண்டு, எழுந்து உதறும். செம்மண் புகைபோல எழும்பும். மாடு அப்படி முதுகில் புரளாது; அதன் உடம்பு அமைப்பு அதற்கு ஏற்றதில்லை. ஆனால் அந்தச் செவலைக் கன்று மட்டும், கழுதைகள் எழுந்து போனதும் குழிக்குள் போய் முன்னங்காலை மடித்து, கழுத்தை மட்டும் புழுதியில் இப்படியும் அப்படியும் தேய்த்துவிட்டு எழுந்து நிற்கும். ஒரு பக்கக் கன்னம் முழுக்கச் செம்மண்! தாய்ப்பசு உடனே வந்து நக்கித் துடைக்கும். மறுநாள் அதே நேரம், அதே கூத்து.

காவலைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. காங்கயம், வெள்ளக்கோவில், தாராபுரம் பக்கமெல்லாம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வது பெரும் துயரமாகி, விவசாயிகள் சாலைக்கு வந்து போராடியது எல்லாரும் அறிந்த செய்தி. எங்கள் பக்கமும் அந்தப் பயம் உண்டு. மாசி மாதம் ஒருநாள் இருட்டும் நேரம், வேலியின் சந்து வழியாக மூன்று நாய்கள் உள்ளே வந்தன. செவலைக் கன்று கூட்டத்தை விட்டு விலகிப் புழுதிக்குழியில் நின்றிருந்தது. நான் கல்லைத் தேடிக் குனிவதற்குள் ராணியின் காது நிமிர்ந்துவிட்டது. ஓடவில்லை. பயம் வந்தால் குதிரை ஓடும். கழுதை நின்று பார்க்கும், யோசிக்கும். அதைத்தான் நாம் பிடிவாதம் என்று பெயர் வைத்து அடித்தோம். ராணி நின்றது, பார்த்தது, ஒரே ஒரு முறை அந்த இரட்டைக் குரலை எடுத்தது. பிறகு காதை மடக்கி, கழுத்தைத் தரையோடு நீட்டி, நாய்களை நோக்கிப் பாய்ந்தது. முன்நின்ற நாயின்மேல் முன்னங்குளம்பு இறங்கும் நொடியில் அது ஊளையிட்டுத் திரும்பியது. மற்ற இரண்டும் வந்த சந்திலேயே ஓடின. நான் திரும்பிப் பார்க்கிறேன்: ஐந்து பசுக்களும் கொம்பை வெளியே காட்டிக் கன்றைச் சுற்றி நிற்கின்றன. கழுதை முன்வரிசை, மாடு கோட்டை. என் உடம்பெல்லாம் புல்லரித்தது.

நாய் இனத்தைக் கண்டால் கழுதைக்கு இயல்பிலேயே ஆகாது. அதனால்தான் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆட்டு மந்தைக்குக் காவலாகக் கழுதை விடுகிறார்கள். ஆப்பிரிக்காவின் நமீபியாவில் கன்று ஈனும் பசுக்களோடு கழுதையை விட்டுச் சிவிங்கிப்புலியிடமிருந்து கன்றைக் காப்பவர்களும் உண்டு. அங்கெல்லாம் திட்டமிட்டுச் செய்வது மாமாவின் காட்டில் தானாக நடந்தது.

ஆசையில் எதையும் மறைக்கக் கூடாது. கடுவன் குட்டியால் ஒரு தொல்லை வந்தது. வயது ஏற ஏற அது கன்றுகளை விரட்டி, கழுத்தைக் கவ்வி, மேலே ஏறப் பார்த்தது. ஒரு கன்றுக்குக் கழுத்தில் காயமும் ஆனது. காயடிக்காத கடுவனைக் கன்றுகளோடு விடவே கூடாது. அதைத் தனியாகக் கட்டிய பிறகுதான் காட்டில் அமைதி திரும்பியது. தீனித் தொட்டியிலும் கழுதை பின்னங்காலைக் காட்டி மாட்டை விரட்டும். தனித்தனியாக வைத்தால் சண்டை இல்லை. இன்னொன்று மிக முக்கியம். சில மாட்டுத் தீவனங்களில் மோனென்சின் என்ற மருந்து சேர்ப்பார்கள். உரிய அளவில் மாட்டுக்கு ஒன்றும் செய்யாத அது கழுதை, குதிரை இனத்தின் இதயத்தைக் கெடுத்துக் கொல்லும். மூட்டையில் எழுதியிருப்பதைப் படிக்காமல் கழுதைக்கு மாட்டுத் தீவனம் போடாதீர்கள்.

நம் முன்னோருக்குக் கழுதையின் மதிப்புத் தெரிந்தே இருந்தது. மிளகுப் பொதியைச் சமமாக ஏற்றிக்கொண்டு பெருவழியில் சுங்கச்சாவடி கடந்து போகும் கழுதைகளைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. புறநானூறோ பகைவர் நாட்டைப் பாழ்படுத்தக் கழுதை ஏர் பூட்டியதைச் சொல்கிறது. உழைப்பு, அவமானம் என இரண்டு முகமும் அன்றே அதன்மேல் ஏறிவிட்டன. இன்றைக்கும் அப்படித்தான். 'என்னைப் பார் யோகம் வரும்' என்று அதன் படத்தைக் கடை வாசலில் மாட்டுகிறோம். மழை வேண்டும் என்றால் மாலை போட்டுக் கல்யாணம் செய்து வைக்கிறோம். ஆனால் நிஜக் கழுதை தெருவில் நின்றால் கல்லை எடுக்கிறோம். கற்பூர வாசனை அதற்குத் தெரியாது என்று பழமொழி சொல்கிறோம். மாட்டின் எச்சில் விழுந்த தண்ணீரைத் தூரத்திலேயே மோந்து அறியும் மூக்கு அது!

சித்திரை பிறந்ததும் பாலக்காவும் அவர் கணவரும் கிளம்பினார்கள். மூன்று கழுதைகளும் படலைத் தாண்டித் தாராபுரம் சாலையில் ஏறின. ராணி ஒருமுறை நின்று திரும்பிக் கத்தியது. மயிலை வேலியோரம் ஓடி வந்து, கிளுவைக்கு மேலே தலையை நீட்டி, கன்றைக் கூப்பிடும் அந்த அடிக்குரலில் பதில் சொன்னது. மூன்று நாள் மாலை நான்கு மணிக்கு மோட்டார் ஓடியும் பசுக்கள் தொட்டிக்குப் போகாமல் தள்ளியே நின்றனவாம். முதல் தண்ணீர் குடிக்க வேண்டியவர்கள் வரவில்லையே! நான்காம் நாள் மாமா தொலைபேசியில், "கண்ணு, காடே வெறிச்சோடிப் போச்சு. எனக்கே சோறு எறங்கலே" என்றார். வைகாசியில், மொபெட் வாங்கிய பிறகு கழுதையை வைத்துக்கொள்ள வழியில்லாமல் தவித்த சலவைத் தொழிலாளி ஒருவரிடமிருந்து இரண்டு பெட்டைகளை வாங்கி வந்துவிட்டார். வந்த அன்று அவை கத்தியபோது பசுக்கள் ஓடவில்லையாம். நேராக எதிரே நடந்து போய் மோந்து பார்த்தனவாம்.

கழுதை தேய்ந்து கட்டெறும்பானது என்பது இப்போது வெறும் பழமொழி இல்லை. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 3.2 லட்சம் கழுதைகள் இருந்தன. 2019-இல் 1.2 லட்சம்தான், ஏழே ஆண்டில் 61 சதவீதம் போய்விட்டது. சுமை வண்டிக்கு மாறிவிட்டது. தோலுக்காகவும் இறைச்சிக்காகவும் திருட்டு வெட்டு நடக்கிறது. தோல் வியாபாரம் தாங்காமல் ஆப்பிரிக்க நாடுகள் எல்லாம் கூடி 2024 பிப்ரவரியில் தோலுக்காகக் கழுதையைக் கொல்வதைத் தடுக்க முடிவெடுக்க வேண்டியிருந்தது. சுமை போனால் என்ன? அதற்குக் கொறங்காட்டில் வேலை காத்திருக்கிறது. முற்றிய புல்லைத் தின்று கொடுக்கும், நாயை விரட்டும், கன்றுக்குக் காது கொடுக்கும்.

காடும் நாலு மாடும் வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் கைகூப்பிக் கேட்கிறேன். கழுதை வாங்குங்கள். ஒன்று வாங்காதீர்கள், துணையில்லாமல் அது வாடிவிடும், இரண்டாக வாங்குங்கள். பெட்டையாகவோ காயடித்த கடுவனாகவோ இருக்கட்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குளம்பை வெட்டிச் சீராக்குங்கள். சுத்தமான தண்ணீர் வையுங்கள். ஒரு மாதம் பொறுங்கள். பிறகு ஒரு மதிய நேரம் படலோரம் சத்தமில்லாமல் போய் நில்லுங்கள். நான் கண்டதை நீங்களும் காண்பீர்கள்.